மாமியார் டீயை வாங்கிக் குடித்துவிட்டார்

மூட்டு மாற்று அறுவை என்னவோ நல்லபடியாகத்தான் முடிந்தது. லாரி ஓட்டும் பெரிய மகன், அம்மா கண் விழித்துப் பேசியதைப் பார்த்துவிட்டு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அவன் தலை மறைந்ததுதான் தாமதம், நேற்று மாலை அவன் மனைவியும் அவன் தம்பியும் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மோதிக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"ஆஸ்பத்திரியிலருந்து அம்மாவை நேரா என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றான் சின்னவன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். சொன்னதையே மூன்று முறை சத்தமாகச் சொல்வது தொழில் பழக்கம்.

"இத்தனை வருஷமா இந்தப் பாசத்தை எங்க பார்க்கிங் பண்ணி வெச்சிருந்தீங்க?" என்றாள் மருமகள்.

நடுவில் படுத்திருந்த மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, என்னை ஏலம் விடறீங்களா?"

அதோடு வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவருடைய கோபம் எப்போதும் அப்படித்தான். சத்தம் இருக்காது, பாத்திரம் பறக்காது. பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு வேளையோடும் முடியும், ஒரு வாரமும் இழுக்கும். அதனால்தான் நேற்று கிளம்பும்போது மருமகள் நர்ஸிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாள்: "கோபம் வந்தா எங்க அத்தை பேச மாட்டாங்க சிஸ்டர். தப்பா நெனச்சுக்காதீங்க."

நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். இன்றைய கூத்தெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

*

மருமகளுக்கு ஒரு பெரிய கடையின் வெளிவாசலில் வேலை. பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து ஆளை வெளியே விட வேண்டும். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? மாமியார் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'செக்போஸ்ட்'. கொஞ்சும்போதும் அதே பெயர், குத்தும்போதும் அதே பெயர்.

இன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஃபிளாஸ்கில் டீயோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வாசல் காவலாளி அவள் தோளில் வட்டமான நீல ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களுக்கு வேளைக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு நிறம். நேற்று முழுக்கப் பச்சையும் வெள்ளையும். இன்று காலையில் வந்தவர்கள் போகும்போது பிய்த்து ஒட்டிய ஆரஞ்சு ஸ்டிக்கர்கள் வாசல் தூண் முழுக்க இருந்தன. பழசை ஒட்டிக்கொண்டு யாரும் உள்ளே நுழைந்துவிட முடியாது. நல்ல ஏற்பாடுதான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வார்டில் மாமியார் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்க்கவில்லை.

'கோபம் தணிஞ்சிருச்சா? அதுக்குள்ளயா?'

மாமியாரின் கோபத்துக்குச் சட்ட திட்டம் உண்டு. யார் மேல் கோபமோ அவர் கையிலிருந்து எதையும் வாங்க மாட்டார். கொண்டு போய் மேசை மேல் வைத்துவிட்டு முதுகைக் காட்ட வேண்டும், அப்புறம்தான் எடுப்பார். ஏதாவது சொல்ல வேண்டுமானால் மூன்றாவது ஆளிடம் சொல்லுவார்: "அவகிட்ட சொல்லு, உப்பு கம்மின்னு." மூன்றாவது ஆள் இல்லாத நாளில் காலண்டரிடம் சொன்னதும் உண்டு.

மருமகள் சட்டப்படி டீயை ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். டம்ளர் நகரவில்லை. சரி, கொஞ்சம் சீண்டிப் பார்ப்போம் என்று அதை எடுத்து நேராக நீட்டினாள்.

மாமியார் இடது கையை நீட்டினார். வாங்கினார். குடித்தார்.

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதலில் வந்தது சந்தேகம்தான். இது என்ன புது நாடகம்? சின்னவன் ஏதாவது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனானா? 'அண்ணிகிட்ட நல்லவங்க மாதிரி இரு, அப்பத்தான் காரியம் நடக்கும்' என்று ஓதியிருப்பானா? கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாமியாரையே பார்த்தாள்.

டீயில் பாதி வாயின் ஓரமாக வழிந்து மோவாய், கழுத்து, ஆஸ்பத்திரிச் சட்டை என்று இறங்கியது. லேசாக இருமினார். துடைத்துக்கொள்ளவில்லை. துணியில் ஒரு சொட்டு பட்டால் உலகமே முடிந்த மாதிரி ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவர்.

"அத்தை, சிந்துது பாருங்க."

பதில் இல்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"உங்க பீரோ சாவி என்கிட்டதான் இருக்கு. காலைல திறந்து எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்கு மாமியார் செத்தாலும் எழுந்து வருவார். அவரோ மருமகளைச் சாந்தமாக, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மருமகள் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓடினாள்.

*

"சிஸ்டர், எங்க அத்தைக்கு என்னமோ ஆயிடுச்சு!"

மதிய டியூட்டிக்கு அப்போதுதான் வந்திருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். "என்ன ஆச்சு?"

"நான் குடுத்த டீயைக் குடிச்சிட்டாங்க."

"நல்லதுதானேம்மா?"

"இல்ல சிஸ்டர்! கோபமா இருந்தா என் கையால வாங்கவே மாட்டாங்க. கோபம் போயிருச்சுன்னா குடிக்கறதுக்கு முன்னாடி நாலு வார்த்தை திட்டிட்டுத்தான் குடிப்பாங்க. ரெண்டும் இல்லாம கம்முன்னு குடிக்கறாங்க. ஒரு பக்கமா ஒழுகுது, அதுகூடத் தெரியல."

"ஒரு பக்கமா" என்ற இடத்திலேயே நர்ஸ் எழுந்துவிட்டாள். "எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

கட்டிலருகே போனதும் நர்ஸ் வேறு ஆளாக மாறினாள். "அம்மா, பல்லைக் காட்டிச் சிரிங்க." மாமியாருக்குப் புரியவில்லை. நர்ஸ் தானே பல்லைக் காட்டினாள். பார்த்து மாமியாரும் சிரித்தார். இடது பாதி மட்டும் சிரித்தது. இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து விட்டாள். இடது கை அந்தரத்தில் நின்றது. வலது கை மெத்தையில் தொப்பென்று விழுந்தது.

"உங்க பேர் சொல்லுங்கம்மா."

வாய் திறந்தது. சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை.

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேசவில்லை என்றால் கோபம் என்று விட்டுவிட்டார்கள். வலது கை அசையவில்லை என்றால் டிரிப்ஸ் ஏறுகிற கை என்று விட்டுவிட்டார்கள். காலையில் நடக்க வைக்க வந்த பிசியோதெரபிஸ்ட் வலது கால் ஒத்துழைக்கவில்லை என்று கட்டிலில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தும், அறுவை ஆன கால்தானே, வலி என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சரியான பில் இருந்தது. மொத்தமாகப் பையைத் திறந்து யாரும் பார்க்கவில்லை.

நர்ஸ் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். எங்கிருந்துதான் வந்தார்களோ, ஒரு நிமிஷத்தில் கட்டிலைச் சுற்றி ஆட்கள்.

"சுகர் பார்த்துடு முதல்ல. சுகர் இறங்கினாலும் இதே மாதிரி காட்டும்" என்றாள் நர்ஸ். விரல் நுனியில் ஊசி. சுகர் சரியாக இருந்தது.

"பிரஷர் ஏறியிருக்கு சிஸ்டர். இறக்க மருந்து குடுத்துடலாமா?"

"தொடாத. நரம்பு டாக்டர் வரட்டும். அவசரப்பட்டு இறக்கினா மூளைக்குப் போற ரத்தமும் குறைஞ்சிடும்." பிறகு மருமகளிடம் திரும்பினாள். "இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில வைக்கக் கூடாது. விழுங்கறது நுரையீரலுக்குப் போயிடும். புரியுதா?"

ஃபிளாஸ்கைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தலையாட்டினாள் மருமகள்.

நரம்பு டாக்டர் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. மாமியாரின் கண், கை, கால் எல்லாவற்றையும் மளமளவென்று பார்த்தார்.

"பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கும்னு தோணுது, ஸ்கேன்ல தெரிஞ்சிடும். கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க?"

"நேத்து சாயங்காலம் டாக்டர்."

டாக்டரின் முகம் மாறியது. "அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... கோபமா இருந்தாங்க."

"ராத்திரி டியூட்டி, காலை டியூட்டி ரெண்டு பேருமே எங்களுக்கு அப்படித்தான் சொன்னாங்க டாக்டர்" என்றாள் நர்ஸ், தலையைக் குனிந்துகொண்டு.

"பேசலன்னா பேச வெச்சுப் பார்க்கணும். கோபமா இருக்கறவங்களும் கையைத் தூக்குவாங்க" என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நர்ஸின் காது சிவந்துவிட்டது. டாக்டர் மருமகளிடம் திரும்பினார். "இங்க பாருங்கம்மா. அடைப்பைக் கரைக்கற ஊசி ஒண்ணு இருக்கு, ஆனா புதுசா மூட்டு மாத்தின உடம்பு. போட்டா அங்க ரத்தம் கொட்டிடும். தொடை வழியா மெல்லிசா குழாய் விட்டு அடைப்பை வெளிய இழுக்கலாம். அதுக்கு எவ்வளவு நேரமா அடைச்சிருக்குன்னு தெரியணும். நேத்துலருந்துன்னா அந்தப் பகுதி செத்திருக்கும். அதுல திடீர்னு ரத்தம் பாய்ஞ்சா இன்னும் மோசமாகலாம். இன்னிக்குக் காலைல ஒரே ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை நல்லாப் பேசியிருந்தாங்கன்னா நான் தைரியமா இறங்குவேன். யாராவது பார்த்தீங்களா?"

மருமகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். நேற்று அவள் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை இப்போது மாமியாரின் கழுத்தில் கத்தியாக நிற்கிறது. புருஷனுக்கு போன் போட்டாள். லாரி எந்த மலை இடுக்கில் போகிறதோ, லைன் கிடைக்கவில்லை.

*

ஸ்டிரெச்சரை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது எதிரே சின்னவன் வந்தான். சட்டையில் நீல ஸ்டிக்கர், கக்கத்தில் ஹெல்மெட்.

"ஐயோ, அம்மாவுக்கு என்ன ஆச்சு அண்ணி?"

அவள் சொல்லுமுன் டாக்டர் முந்திக்கொண்டார். "நீங்க மகனா? காலைல அம்மாவைப் பார்த்தீங்களா?"

"இல்ல டாக்டர். இப்பத்தான் வரேன். காலைலருந்து வரிசையா கிளாஸ். ஒரு லேடி ரிவர்ஸே வராம என் உயிரை வாங்கிட்டாங்க. அப்புறம் கிளச் கேபிள் அறுந்துபோச்சு. அதை மாத்தி..."

கேட்டதற்கு மேல் சொல்கிறவனை மருமகள் வாசலில் தினமும் பார்க்கிறாள். பையில் கூடுதலாக ஒரு பொருள் இருப்பவன்தான் வெயிலைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் நிற்காமல் பேசுவான். அவள் கண் தானாகவே அவன் மேல் ஏறி இறங்கியது.

ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு வட்டம். ஆரஞ்சு நிறம்.

"தம்பி, இது என்ன?"

"எது? ஓ, அதா. நேத்து ஒட்டினது அண்ணி, பிய்க்க மறந்துட்டேன்."

"நேத்து காலைல பச்சை. சாயங்காலம் வெள்ளை. இது இன்னிக்குக் காலை."

"அண்ணி, இப்ப இதுவா முக்கியம்? உங்க செக்கிங்கை வீட்ல வெச்சுக்கங்க!"

"இதுதான் முக்கியம்!" அவள் கத்தியதில் ஸ்டிரெச்சர் தள்ளியவர் நின்றுவிட்டார். "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு நான் கேக்கல. என்ன திருட்டுத்தனம்னும் கேக்கல. அத்தை பேசினாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க இப்ப வாயைத் திறக்கலன்னா அவங்க வாய் இனிமே திறக்காது!"

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். கோணிப்போன முகம். கண்கள் அவனைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. அவன் தோள் இரண்டும் தொங்கிவிட்டன.

"பேசினாங்க" என்றான்.

"எப்ப?" டாக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"எட்டு மணி கிளாசுக்கு முன்னாடி. வார்டுல யாரும் கவனிக்கல. அஞ்சு நிமிஷம்தான் இருந்தேன்."

"குடும்ப விஷயம் எனக்கு வேண்டாம். வார்த்தை குழறுச்சா? முகம் கோணலா இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். நல்லாத் திட்டினாங்க. டிரிப்ஸ் போட்ட கையாலயே என் சட்டைக் காலரைப் பிடிச்சு உலுக்கினாங்க."

"வலது கை! போதும்" என்றார் டாக்டர். "நேரம் இருக்கு. தள்ளுங்க, சீக்கிரம்."

ஸ்டிரெச்சர் பறந்தது.

*

காத்திருக்கும் இடத்தில் இருவரும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். அந்தக் காலி நாற்காலியில் ஹெல்மெட் இருந்தது.

"எதுக்கு ஒளிச்சீங்க?" என்றாள் மருமகள்.

அவன் ஹெல்மெட் வாரை இழுத்து இழுத்து விட்டான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நேத்து எல்லார் முன்னாடியும் வீராப்பா சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனதும் என் பொண்டாட்டி ஒரே பிடியா முடியாதுன்னுட்டா. அதான் காலைல வந்து அம்மாகிட்ட, 'சின்னவன் வீட்டுக்கு நான் வரலன்னு நீயே சொல்லிடும்மா'ன்னு கேட்டேன்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"முடியாதுன்னுட்டாங்க. உன் வீட்டுக்குத்தான் வருவேன்னாங்க. அதுலதான் சண்டை. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி."

"உங்க அம்மா பிழைச்சு வரட்டும் முதல்ல."

கேவலமான விஷயம்தான். இருந்தாலும் அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை எல்லாம் தன் மேலேயே செலவழித்துவிட்டிருந்தாள். தினமும் ஆயிரம் பைகளைத் திறந்து பார்க்கிறவள், சொந்த மாமியாரை மட்டும் பார்க்காமலே பாஸ் பண்ணி அனுப்பிவிட்டாளே!

முகக் கவசத்தைக் கழற்றிக்கொண்டே டாக்டர் வந்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது.

"அடைப்பு வந்துடுச்சு. ரத்தம் நல்லா ஓடுது."

மருமகள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆனா பேச்சு எப்ப வரும், எவ்வளவு வரும்னு இப்பவே சொல்ல மாட்டேன். வந்தாலும் கொஞ்ச நாளைக்குத் தடுமாறும். ஆமாம்னு சொல்ல வந்து இல்லன்னு வாய்ல வரும். அதைப் பிடிச்சுக்கிட்டு யாரும் சண்டை போடக் கூடாது" என்று இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரே நாளில் நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருவரையும் கொஞ்ச நேரம் அனுமதித்தார்கள். மாமியார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மோவாயில் மதியம் வழிந்த டீ காய்ந்து கறையாக இருந்தது. ஐயோ, சுத்தக்காரியாயிற்றே! மருமகள் நர்ஸிடம் கேட்டு ஈரப் பஞ்சு வாங்கி, மெல்லத் துடைக்கப் போனாள்.

கை ஒன்று எழுந்து அவள் கையைத் தட்டிவிட்டது.

பலவீனமான தட்டுதான். ஆனால் வலது கை.

மாமியார் கண்ணைத் திறந்தார். மருமகளைப் பார்த்தார். இந்தத் தடவை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. அடையாளம் தெரிந்து, நன்றாக முறைத்தார். பிறகு முகத்தைத் திருப்பி நர்ஸைத் தேடினார்.

"செக்... போஸ்ட்..."

"என்னம்மா?" நர்ஸ் குனிந்தாள். "செக்போஸ்டா?" அவள் முகத்தில் கவலை. "சம்பந்தமில்லாத வார்த்தை வருதே, டாக்டரைக் கூப்பிடணும்."

"சம்பந்தம் இருக்கு சிஸ்டர்!" மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது நான்தான்! அந்த செக்போஸ்ட் நான்தான்! என் மேல கோபமா இருக்காங்க, அதான் உங்ககிட்ட சொல்றாங்க!"

தன்னை வெறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டதற்காக ஒரு மருமகள் இப்படி அழுது அந்த நர்ஸ் பார்த்திருக்க மாட்டாள்.

மாமியார் மறுபடி உதட்டைக் கூட்டினார். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைத்துக் கொண்டு வருவதுபோல் வந்தது.

"செக்போஸ்ட்கிட்ட... சொல்லும்மா. காலைல... இவன் கேட்டானே... அதுக்கு... சரின்னுட்டேன்."

மருமகளின் அழுகை அப்படியே நின்றது.

சரி என்றாரா? சின்னவன் முடியாது என்றாரென்று சொன்னானே. 'உன் வீட்டுக்கு வரலன்னு நீயே சொல்லிடு' என்று அவன் கேட்டு, அவர் சரி என்றிருந்தால், அவன் துள்ளிக் குதித்துக்கொண்டு அல்லவா போயிருப்பான்? எதற்குச் சண்டை? எதற்குக் காலரைப் பிடித்தார்? ஒன்று, ஆமாம் இல்லை ஆகி, இல்லை ஆமாம் ஆகியிருக்கிறது. இல்லாவிட்டால், காலையில் அவன் கேட்டது வேறு ஏதோ.

மெல்லத் திரும்பினாள்.

"டாக்டர்தான் சொன்னாங்களே அண்ணி" என்றான் சின்னவன், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "ஆமாம் இல்லை எல்லாம் மாறி மாறி வரும்னு. அம்மா ஏதோ உளறறாங்க. நீங்க போய் ஏதாவது சாப்பிடுங்க, நான் இருக்கேன். காலைலருந்து பட்டினியா இருப்பீங்க. வெளிய வெயில் வேற..."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பில்லும் பையும் ஒத்துப்போகலையே தம்பி" என்றாள்.

சின்னவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மாமியாரோ, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.